என் பெயரில் காதர் மாஸ்டரின் ரத்தம்

வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆள்மாறாட்டம் செய்திருக்கிறேன். அதுவும் ஓய்வுபெற்ற பிறகு. முப்பத்திரண்டு வருடம் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். (திருடனைப் பிடிக்கப் பழகி, கடைசியில் தொழிலையே கற்றுக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.)

என் மனைவி வசந்தாவுக்குப் பத்ரிநாத் போக வேண்டும் என்று இருபது வருட ஆசை. வேலையில் இருந்தவரை எனக்கு லீவு இல்லை. ஓய்வுபெற்றதும் சோம்பல். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே தன் பஜனைக் குழுவோடு சேர்ந்து இரண்டு இடம் பதிவு செய்துவிட்டாள். சுற்றுலா ஏற்பாடு செய்தவர் ஒரு நிபந்தனை போட்டார். அறுபதைத் தாண்டியவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். வசந்தாவைப் பொறுத்தவரை நான் இனிப்பைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. உண்மை என்னவென்றால், மாலையில் நடக்கப் போகிறேன் என்று மந்தைவெளி வீட்டிலிருந்து கிளம்பி, லஸ் பக்கம் ஒரு கடையில் ஜாங்கிரி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, கழுத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு (அதுதான் வியர்வை) வீடு திரும்புவேன். ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டால் பயணமும் போகும், மானமும் போகும்.

பூங்காவில் எனக்குத் துணை காதர் மாஸ்டர். ராயப்பேட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஒரு சுற்று முடித்து பெஞ்சில் சாய்வதற்குள் அவர் நான்கு சுற்று முடித்திருப்பார்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார் ஒரு நாள்.

சொன்னேன். சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, கேட்கக் கூடாததையும் கேட்டேன். "மாஸ்டர், எனக்குப் பதிலா நீங்க ரத்தம் குடுக்க முடியுமா?"

முதலில் முறைத்தார். பிறகு சிரித்தார். "ஆறு மாசத்துல தொப்பை மொத்தமும் போயிடுச்சி பார்த்தீங்களா? ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல நானு. வாங்க, என் ரத்தம் எப்டினு நீங்களும் பாருங்க."

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இருவரும் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "சண்முகம்!" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

"வயசு?"

"அறுபத்தஞ்சு" என்றார் மாஸ்டர்.

"அறுபத்தேழு" என்றேன் நான், பெஞ்சிலிருந்து.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அவர் வயசு அவருக்குத் தெரியாதாங்க சார்?"

"மறதி" என்றேன். மாஸ்டர் பாவம், மறதிக்காரர் போலவே விழித்தார்.

முடிவு அன்று மாலை வசந்தாவின் போனுக்கு வந்தது. (அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கெட்டிக்காரத்தனத்திற்கும் ஓர் எல்லை உண்டு.) அவள் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது.

அரை மணி நேரத்தில் அடையாறிலிருந்து மகள் கவிதா காரோடு வந்து நின்றாள். "அப்பா, உங்களுக்குத் தலை சுத்துதா? கண்ணு தெரியுதா?" தலை சுற்றத்தான் செய்தது. வேறு காரணத்தினால்.

டாக்டர் விரலில் குத்தி, சின்ன மெஷினில் பார்த்தார். மறுபடி குத்தினார். நூற்று அறுபது.

"இது உங்க ரத்தமே இல்ல சார்" என்றார்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு. "லேப்ல மாத்தி வெச்சிருக்காங்க. உங்களுக்கு லேசாத்தான் இருக்கு. ஒரு மாத்திரை போதும், தாராளமா மலை ஏறுங்க." எந்தச் சான்றிதழுக்காக இத்தனை திருட்டுத்தனமும் செய்தேனோ, அது என் சொந்த ரத்தத்துக்கே கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அவருக்குக் கால்ல சின்னப் புண் வந்தாக்கூட ஆபத்து."

வசந்தா நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள். நான் காரை விட்டு இறங்கவில்லை. "அந்தப் பொண்ணு அழுதுடுச்சுங்க, பாவமா இருந்தது" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் மாலை பூங்காவில் மாஸ்டர் கேட்டார், "இன்னா சார், நம்ம ரத்தம் பாஸா?"

அவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் வீட்டில் சொல்வார், வீட்டிலிருந்து வசந்தாவுக்குப் போகும், ஜாங்கிரி வரை எல்லாம் வெளியே வரும். அந்தக் கூடத்தில் நிஜமாகவே ஏதாவது தப்பு நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை நிமிர்ந்து நடக்கிற மனிதருக்கு என்ன வந்துவிடப்போகிறது?

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மாஸ்டர்" என்றேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் லேசாகக் காலைச் சாய்த்து நடந்தார். புது ஷூ கடித்துவிட்டதாம். கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. "வலி ஒண்ணும் இல்ல சார்" என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லாததுதான் ஆபத்து என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் டாக்டர் சொன்ன வார்த்தை அன்றைக்கே எனக்குத் தெரியும். பையில் கம்பளிக் குல்லா வைத்தோமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பத்ரிநாத்தில் வசந்தா கண்களை மூடிக்கொண்டு அழுதாள், அத்தனை சந்தோஷம். நான் கும்பிட்ட கையோடு நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு முறை மாஸ்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இல்லை என்று அதற்கும் ஒரு சமாதானம்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். பூங்காவில் அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது காலின் கட்டைவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

கட்டில் அருகே அவர் மனைவி ஜரினா நின்றிருந்தார். வசந்தா பிரசாதத்தோடு என் பக்கத்தில். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று நினைவில்லை.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று ஜரினா கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தெரியும்மா."

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வசந்தா ஆட்டோவின் மறு ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். ஜாங்கிரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மறுநாள் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

மாஸ்டர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நாலாவது மாதம், ஒரு கைத்தடியோடு பூங்காவுக்கு வந்து என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். "சார், இனிமே நாலு ரவுண்டு நம்மளால ஆவாது. உங்க கூட ஒண்ணு போலாம்" என்றார். நான் அழுதுவிட்டேன். சத்தமாக. நடந்துகொண்டிருந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் இரு குடும்பங்களிலும் இது பெரிய ஜோக். பெருநாள் விருந்தானாலும் கொலு வைத்தாலும் யாராவது புது விருந்தாளி மாட்டினால் போதும், மாஸ்டர் என் தோளில் கையைப் போட்டு அறிமுகம் செய்வார்: "சார் நமக்கு வெறும் ஃபிரண்டு இல்ல. ரத்த சொந்தம்." கவிதா முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாள். வசந்தா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஜரினா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். கதை முடிந்த பிறகுதான் டீ வரும்.