ஒண்ணுமில்லை அக்காவும் ஒரு ஸ்வெட்டரும்

உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்தாருக்கு எதுவுமே நடந்ததில்லை. உழைத்து, குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, பல்லைப் பிடுங்கி, காலை முறித்துக்கொண்டு, பித்தப்பையில் கல்லை வளர்த்து எடுத்து, எல்லாம் முடிந்தபிறகு, "எனக்கா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்பார்கள். பிரசவ வலி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்களேன். "லேசா இடுப்பு பிடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா குழந்தை." அவ்வளவுதான். நீங்கள் மூன்று மணி நேரம் கத்தி ஆஸ்பத்திரியையே கூட்டியதை நினைத்துக் கூனிக் குறுகிப் போவீர்கள்.

இவர்கள் முழு வீச்சோடு களத்தில் இறங்குவது ஒரே ஒரு விஷயத்தில்தான். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்தி, "தூக்கமே வரமாட்டேங்குது, திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது, பீரியட்ஸ் வந்தா நிக்க மாட்டேங்குது, நின்னா ரெண்டு மாசத்துக்கு எட்டிப் பார்க்க மாட்டேங்குது" என்று வாயைத் திறக்க வேண்டியதுதான் தாமதம், வந்துவிடுவார்கள். முதலில் உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை. அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாக ஒரு துடைப்பு. பெருமூச்சு. கடைசியில் அந்தத் திருவாசகம்: "இதுக்கெல்லாமா டாக்டர்?"

அதோடு விட்டால் பரவாயில்லையே! வம்சாவளியை எடுப்பார்கள். "எங்க அம்மா போனாங்களா? எங்க பெரியம்மா போனாங்களா? நாங்கல்லாம் வரலையா?" யாரும் போகவில்லைதான், வாஸ்தவம். அந்தப் பெரியம்மா ஐம்பதாவது வயதில் ஒரு வருடம் முழுக்க யாரோடும் பேசாமல் மாடி அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்பது உபகதை. அது 'அவங்க சுபாவம்' என்று குடும்பத்தில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

இந்த இனத்தில் ஆண்களும் உண்டு. "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்பது அவர்களுடைய வசனம். வீட்டில் கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காத வீட்டில் எந்தப் பிரச்சினையும் இருப்பதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே அலுங்காமல் குலுங்காமல் இந்த வயதைக் கடந்து வந்த பாக்கியசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். என் வயிற்றெரிச்சல் அவர்கள்மேல் இல்லை. நான் சொல்வது மற்றவர்களை.

என் கையில் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி கெமிஸ்ட்ரி டீச்சருடையது. அவளுக்கு ஓர் அக்கா. அந்த அக்காவுக்கு அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க ஒரே பெயர்தான்: 'ஒண்ணுமில்லை அக்கா'. லிஃப்ட் நடுவில் நின்றாலும் ஒண்ணுமில்லை, மூன்றாம் மாடிக்காரருக்கு நெஞ்சு வலித்தாலும் ஒண்ணுமில்லை. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்று வழியனுப்பியவர் இந்த அம்மாள்.

கெமிஸ்ட்ரி டீச்சர் அப்படியல்ல. பாடப் புத்தகத்தைத் திறக்காமலே வகுப்பெடுப்பாள். ஆய்வகத்தில் ஒரு குடுவை இடம் மாறியிருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் பிப்பெட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் நின்றாள். "இந்த... இந்த... உறிஞ்சுற குழாயை எடுங்க" என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அமிலப் புட்டி ஒன்றில் வேறு எதற்கோ எழுதிய சீட்டை ஒட்டிவிட்டு, பிள்ளைகள் வருவதற்குள் தானே பார்த்துக் கிழித்துப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு ஆசிரியர் அறைக்கு வந்தவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூளை கழண்டு போச்சுடி. யாராவது ஒரு பிள்ளை மேல ஆசிட் பட்டிருந்தா? வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிடப் போறேன். வேலையை விட்டுடறேன்."

"தூங்குறியா நீ?"

"எங்க தூங்குறது? நைட்டியை மாத்தவே நேரம் சரியா இருக்கு. வேர்த்து நனைஞ்சு போகுது."

"பீரியட்ஸ்?"

"அதைக் கேக்காத. வெள்ளைப் புடவையைத் தொட்டு அஞ்சு மாசமாச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அக்கா கேன்சல் பண்ணிடுன்னா. அவளுக்கெல்லாம் ஒண்ணுமே தெரியலையாம். எனக்கு மட்டும் இப்படி ஆகுதுன்னா, கோளாறு என் தலையிலதானே?"

கேட்டீர்களா? இந்த இனத்தாரால் வரும் கேடு இதுதான். அவர்கள் உங்கள் வலியைக் குறைப்பதில்லை. உங்கள் வலியோடு சேர்த்து, 'உலகத்திலேயே நீ ஒருத்திதான் இப்படி' என்ற பயத்தையும் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது வருடம் ஆய்வகத்தைக் கட்டி ஆண்டவள் அக்காவின் ஒரு வார்த்தைக்காக வேலையை விடப் பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளம்பு, உங்க அக்கா வீட்டுக்குப் போவோம்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். கதவைத் திறந்ததும் ஒரு காற்று அடித்தது பாருங்கள், என் கைக்குட்டை பறந்து செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டது. கூடத்தில் இரண்டு மின்விசிறிகள் தலைதெறிக்கச் சுழல்கின்றன. போதாதென்று முக்காலியின்மேல் ஒரு மேசை விசிறி, அக்காவின் நாற்காலியைக் குறிபார்த்தபடி. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருக்கின்றன. சுவரில் காலண்டரை நான்கு பக்கமும் துணிக் கிளிப் போட்டு அடக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே மூலையில் ஒரு மனிதர் ஸ்வெட்டர், மப்ளர், கம்பளிக் காலுறை சகிதம் உட்கார்ந்து, அதே துணிக் கிளிப் மாட்டிய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

அக்கா தங்கையை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமூச்சு விட்டார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன், அடுத்தது வந்தது.

"இதுக்கெல்லாமா டாக்டர்? எனக்கு நின்னதுகூட தெரியல. ஒருநாள் காலண்டரைப் பார்த்தேன், அட, ரொம்ப நாளாச்சேன்னு நினைச்சேன். முடிஞ்சு போச்சு. மனசைத் தெம்பா வெச்சுக்கணும்டி. சும்மா உக்காந்து உடம்பையே பார்த்துட்டிருந்தா இப்படித்தான்."

கெமிஸ்ட்ரி டீச்சர் தலை குனிந்துகொண்டாள். எனக்குப் பல் கிட்டித்தது. கோபத்தால் பாதி, குளிரால் பாதி. பேச்சை மாற்றலாமே என்று மூலைப் பக்கம் திரும்பினேன்.

"என்ன சார், காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா. எனக்குக் குளிர் உடம்பு" என்றார் அவர், பெருமை கலந்த வருத்தத்தோடு. "முன்னாடி கிடையாது. வெயில்ல சங்கிலி பிடிச்சு அளந்த உடம்பு இது. நடுவுல திடீர்னு வந்துடுச்சு."

"எப்போ வந்துச்சு அத்தான்?" என்று மரியாதைக்குக் கேட்டாள் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"உங்க அக்காவுக்கு அம்பது ஆச்சு பாரு, அந்த வருஷம். ராத்திரி திடீர்னு போர்வையை உதறிட்டு உக்காருவா. 'வீடே வேகுது, உங்களுக்கு ஏன் தெரியல'ம்பா. எனக்கு வேகல, நடுங்குது. அப்போ எனக்குத்தானே ஏதோ கோளாறு? மறுநாளே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா. ரத்தம் எடுத்தாங்க. தைராய்டு பார்த்தாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. உங்க அக்கா விடுவாளா? இரும்புச் சத்து டானிக் ஒரு வருஷம் குடிச்சேன்."

தங்கை மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அதோட காதும் போச்சு" என்றார் அத்தான், இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததைக் கேட்டுவிட்ட உற்சாகத்தில். "'பீரோவுல இருந்து பாலை எடுத்துட்டு வாங்க'ம்பா. நான் போய் பீரோவைத் திறப்பேன். புடவைதான் இருக்கும். 'நான் ஃபிரிட்ஜ்னுதானே சொன்னேன், காது கேக்கலையா?'ன்னு ஒரே சண்டை. காது டாக்டர்கிட்டயும் போனோம். அவர் பெல்லு அடிச்சாரு, மணி அடிச்சாரு, எல்லாமே கேட்டுச்சு. பீரோவும் கேட்டுச்சுதானேன்னு எனக்கே சந்தேகம். ஆனா சொல்ல முடியுமா? அப்புறம் மூச்சு. நான் மூச்சு விடுற சத்தம் அதிகமா இருக்குன்னு மூக்கு டாக்டர்..."

"போதும்" என்றார் அக்கா.

"ஒருநாள் பாவம், துணி மடிக்கும்போது ஒரு காலுறைக்கு ஜோடி காணோம்னு அப்படி ஒரு அழுகை..."

"அது உங்க காலுறை! உங்க அலட்சியம்! எனக்கு ஒண்ணுமில்ல!"

கெமிஸ்ட்ரி டீச்சருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறாள்! ஐந்து மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. "பீரோவுல பாலா? அக்கா, பீரோவுல பாலா?" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அத்தானும் என்னவென்று புரியாமலே கூடச் சிரித்தார். புரிகிறதா உங்களுக்கு? வயதின் மாற்றம் வந்தது மனைவிக்கு. மூன்று டாக்டரிடம் வைத்தியம் நடந்தது கணவனுக்கு. டானிக்கைக் குடித்து, ஸ்வெட்டரைப் போட்டு, அந்த மனிதர் அவளுக்காக அந்த வயதைக் கடந்து கொடுத்திருக்கிறார். அப்புறம் அவளுக்கு எப்படி ஒன்றும் தெரிந்திருக்கும்?

அக்கா விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். போன வேகத்துக்கு ஏதாவது பாத்திரம் விழ வேண்டும். விழவில்லை. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். நானும் போனேன், கூப்பிடாவிட்டாலும் போகிற ஆள்தானே.

அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதையும் எடுக்கவில்லை.

"அக்கா..."

"எனக்கும் பயமா இருந்துச்சுடி" என்றார் திரும்பாமலே. "பைத்தியம்தான் பிடிக்குதோன்னு பயம். பேர் மறந்து போகும். காரணமே இல்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். யார்கிட்ட சொல்றது? ஒரு தடவை அம்மாகிட்ட கேட்டேன். 'எனக்கெல்லாம் ஒண்ணுமே தெரியலையே'ன்னாங்க. சரி, நல்ல பொம்பளைக்கு ஒண்ணும் தெரியக்கூடாது போலிருக்குன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். அப்படியே பழகிடுச்சு."

தங்கை பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டாள். கேலி செய்ய எனக்கு நாலு வாக்கியம் தயாராக இருந்தது. அத்தனையும் வீணாகிவிட்டது. அந்த அம்மாள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரி டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போகவில்லை. சனிக்கிழமை நாலு பேராகக் கிளம்பி டாக்டரிடம் போனோம். அத்தானை யாரும் கூப்பிடவில்லை, டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் பழக்கத்தில் அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "மூளை கழண்டு போகலம்மா. மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் ஹார்மோன் இப்படி ஏறி இறங்கும். தூக்கம், சூடு, மறதி, படபடப்பு எல்லாம் அதுல வரலாம். ஆனா எல்லாத்தையும் அதன் தலையில போட்டுட்டுச் சும்மா இருந்துடவும் கூடாது. இவ்வளவு ரத்தம் போறதை விடவே கூடாது, பார்த்துடுவோம்" என்றார். பார்த்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் கிடந்தது. ரத்தப்போக்குக்கும் சூட்டுக்கும் அவளுக்கு எது ஒத்துவரும் என்று யோசித்து மருந்து கொடுத்தார்கள். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிப்பெட் வந்துவிட்டது. இப்போது என் மேசையில் ஒரு பேனா இடம் மாறினாலும் சொல்கிறாள், தொல்லை தாங்கவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா அக்காவையும் ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு? ஏதாவது தொந்தரவு உண்டா?"

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "எனக்கு ஒண்ணு..." என்று தொடங்கியவர் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மப்ளரோடு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருக்கு டாக்டர். இன்னும் கொதிக்குது. கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா?"

அத்தான் மப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

இவ்வளவு தூரம் பொறுமையாக வாசித்துவிட்டீர்கள். சந்தோஷம். நடுவில் எங்கேயாவது, "என்ன இது, எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருக்கலாம், தப்பில்லை. உண்மையாகவும் இருக்கலாம். எதற்கும் ஒருமுறை எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்வெட்டரில் இருப்பது நீங்கள்தான் என்றால், எழுந்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம், "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும்.