நூற்றுப்பத்து மைக்ரான்

விரிசல் நூற்றுப்பத்து மைக்ரான் இருந்தது. நூற்றுக்கு மேல் போகக்கூடாது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அளவைச் சொன்னார் மைக்ரான். சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது.

"பத்துதானே கூட? ஒரு தலைமுடியை ஏழாக் கிழிச்சா அதுல ஒண்ணு. அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?" என்றார் மேனேஜர்.

"அப்ப எழுதிடவா சார்?"

"கையை உடைப்பேன்."

மேனேஜர், மைக்ரானின் மனைவிக்கு அண்ணன். வீட்டில் மச்சான், ஆலையில் சார். வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் இரண்டு இடத்திலும் எதிர்த்துப் பேச முடியாது.

காலையில் கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. உள்ளே, துத்தநாகம் பூசிய இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்த ஒரே ஒரு வெல்டிங் புள்ளி. கூடவே ஒரு வரி: விரிசலை அளந்து சொல்லவும். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் உருகி இரும்புக்குள் இறங்கினால் இரும்பு விரிசல் விடும். அந்தத் துண்டு தாங்கள் செய்து கொடுத்த கார்க் கதவிலிருந்து வெட்டியதுதான் என்பதில் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருட ஆர்டர் அந்தப் புள்ளியில் தொங்கியது. அது கிடைக்காவிட்டால் வெல்டிங் பிரிவுக்கே பூட்டு.

"லேசாத் தேய்ச்சுப் பாரு. மேல்கீறலா இருக்கும்."

மைக்ரான் உப்புத்தாளில் தேய்த்தார். துணியில் மெருகேற்றினார். பார்த்தார்.

"நூத்தியறுபது சார்."

"தேய்ச்சா எப்படிய்யா வளரும்?"

"வளரல சார். உள்ள போகப் போக முழுசாத் தெரியுது."

"அப்ப இன்னும் உள்ள போ."

இருநூற்று நாற்பது. மேனேஜர் தானே குனிந்து பார்த்தார்.

"இதுல படகு விடலாம் போலிருக்கே."

"இதுதான் சார் சரியான அளவு. இதோட நிறுத்திக்கலாம்."

"மாப்ளே," என்றார் மேனேஜர்.

ஆலைக்குள் அந்த வார்த்தை இதுவரை வந்ததில்லை.

"வேலை போயி நீயும் நானும் ஒரே வீட்டுல எதிரெதிர உக்காந்திருக்கணுமா? என் தங்கச்சி ரெண்டு பேரையும் காய் நறுக்க வச்சிருவா."

மைக்ரான் தேய்த்தார். விரிசல் இருந்த இடம் தூளாகித் தண்ணீரோடு ஓடும்வரை தேய்த்தார். பாதிப் புள்ளியும் கூடவே போயிற்று.

"இப்ப?"

"சுத்தமா ஒண்ணுமில்ல மச்சான்."

"சார்னு சொல்லு."

விரிசல் இல்லை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஈமெயிலில் அனுப்பினார்கள். மேனேஜர் டீ வரவழைத்தார். பாதி டீயில், துண்டைத் திருப்பி வாங்கிப் போகக் கார் கம்பெனியின் வேன் டிரைவர் வந்தார். அவர் கையில் அதேபோல் இன்னும் நான்கு பெட்டிகள்.

"இதெல்லாம் யாரோடது?" என்றார் மேனேஜர்.

"ஆர்டர் கேட்டிருக்கிற மத்த கம்பெனிங்களோடது சார். விரிசலை எங்க லேப்லயே உண்டாக்கி எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பியிருக்காங்க, சரியா அளந்து சொல்றவங்களுக்குத்தான் ஆர்டராம்."