பல்வைத்தியர் பேக்கிங் மாற்றிய பெரும்போர்

வாழ்க பல்வைத்தியர்! முப்பத்திரண்டு வெண்காவலர் அணிவகுத்து நிற்கும் வாய் என்னும் இருட்குகைக்குள் நாள்தோறும் தன்னந்தனியராய்ப் புகுந்து, ஊறிவரும் உமிழ்நீருக்கு அஞ்சாமல், கடிக்க வரும் குழந்தைகளுக்கும் பின்வாங்காமல், வேண்டியதை வேரோடு பிடுங்கிக்கொண்டு மீளும் குறடேந்திய கையர் வாழ்க! அந்தக் கையில் இன்று மின்னுகிற ஸ்பேனரும் வாழ்க! அவர் எதிரே, முன்வாசல் கூரையின் நிழலில், ஒற்றைக் காலை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் நாற்பத்தேழு வயது மதயானையாகிய மோட்டார் சைக்கிளும், போனால் போகிறது, வாழ்க! இந்தப் போரைச் சொல்லத் துணிந்த என் நாவுக்கு வலிமை கிடைக்கட்டும், கேட்கிற உங்களுக்குப் பொறுமை கிடைக்கட்டும். போர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணி வரை நடந்தது. நடுவில் ஒரு தடவைதான் சாப்பாடு.

மண்ணுக்காகப் போர் நடந்ததுண்டு, பொன்னுக்காக நடந்ததுண்டு. இது ஒரு சொட்டு எண்ணெய்க்காக நடந்தது. அந்த மதயானைக்கு ஒரு பழக்கம்: எங்கே நின்றாலும் அங்கே கறுப்பாய் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் வரும். கடைவீதியில் வைத்தது, வங்கி வாசலில் வைத்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சென்ற மாதம் சகலையின் வீட்டு வாசலில் வைத்ததுதான் வினையாய் முடிந்தது. சகலை என்றால் வைத்தியரின் மனைவியுடைய அக்காளை மணந்தவர். அவர் அப்போதுதான் வீட்டு முன்றில் முழுக்க வெள்ளைப் பளிங்கு பதித்திருந்தார். பதித்த நாள்முதல் தம் செருப்பைத் தாமே கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர். பொட்டைப் பார்த்தார். உள்ளே போனார், வளர்ப்பு நாய் சாப்பிடுகிற தட்டை எடுத்து வந்தார், எஞ்சினுக்கு அடியில் மெல்லத் தள்ளி வைத்தார். "ஒண்ணுமில்ல சகலை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று சிரித்தார். நான்கு உறவினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வரிசையான பற்கள் அந்தச் சிரிப்பில்! அத்தனையும் வைத்தியர் உட்கார வைத்து, ஒரு காசு வாங்காமல், தம் கையாலேயே சுத்தம் செய்து கொடுத்தவை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அது அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

அதையும் அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. அவருடைய மனைவி நூலகர். பகல் முழுக்கச் சத்தம் போடுகிறவர்களை விரல் காட்டி அடக்கும் வேலை என்பதால் அவள் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். தாழத் தாழத்தான் பயம் அதிகம். அன்று அது கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது. "அடுத்த மாசம் அக்கா வீட்டுல டீ சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. இந்த வண்டியிலயே வரேன். ஆனா அந்த வாசல்ல ஒரே ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா, நான் பஸ்ல திரும்பிடுவேன். அதுக்கப்புறம் இதுல ஏறவே மாட்டேன்."

இதில் என்ன பெரிய இழப்பு, பஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். நூலகத்தில் பேசாதவள், வீட்டிலும் அளந்தே பேசுகிறவள், அந்த வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சின் முழங்கத் தொடங்கியதும் வாயைத் திறப்பாள். இடக்கையை அவர் தோளில் போட்டுக்கொண்டு, முழக்கத்தையும் மீறி, அவர் காதுக்குள் கத்திக் கத்திப் பேசுவாள். யார் எந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, மேலதிகாரி என்ன சொன்னார், தனக்கு எதனால் ராத்திரி அழுகை வந்தது, எல்லாம் அந்தச் சீட்டில் சொன்னதுதான். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் தம் மனைவியைப் பற்றித் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி வண்டி ஓட்டிக்கொண்டே தெரிந்துகொண்டது. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள்.

முதலில் அவர் மெக்கானிக்கிடம்தான் போனார். அந்தப் பெரியமனிதர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். "இது ஒழுகல் இல்லீங்க டாக்டர், வேர்வை. வயசான உடம்பு, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வஞ்சினம் அங்கேயே பிறந்தது. டீக்கு அழைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பனியனும் பழைய வேட்டியுமாய், கொடியில் காயும் துணிகளைச் சான்றாக வைத்து, ஸ்பேனரை வானோக்கி உயர்த்தி, வைத்தியர் முழங்கினார்: "இன்று மாலை நான்கு மணிக்குள் இந்த எஞ்சினின் வாயை அடைப்பேன்! ஒரு சொட்டு, ஒரே சொட்டு, அந்தப் பளிங்கின் மேல் விழுமானால், இனி இந்தக் கை ஸ்பேனரைத் தீண்டாது!"

"அது நல்ல துண்டு, அதுல கையத் துடைக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து தாழ்ந்த குரல் வந்தது.

தொடங்கிற்று போர். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும் இடத்தில், நடுவே தாள் கனத்தில் படுத்துக்கொண்டு, எண்ணெயை வெளியே விடாமல் இரவு பகல் காவல் காப்பதே பேக்கிங் எனப்படுவது. காவலர் கிழமாகிக் காய்ந்து கருகிப்போனால் எண்ணெய் கசியும். கிழவரைக் கிளப்பிவிட்டுப் புதியவரை அமர்த்த வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு எளிது! வைத்தியர் பழைய எண்ணெயை வடித்தார், பிளக்கையும் பக்க மூடியையும் கழற்றினார், நான்கு பெருந்திருகாணிகளின் பிடியைத் தளர்த்தி எஞ்சினின் தலையை இரு கைகளாலும் தூக்கி எடுத்தார். உள்ளே கரியும் பிசினுமாய்ப் பளபளத்த அந்தக் கருங்குழியைப் பார்த்ததும் பழக்கம் அவரை மீறிற்று. "கடைசியா எப்ப சுத்தம் பண்ணினது?" என்று அவர் கேட்டார். வண்டி பதில் சொல்லவில்லை. அவருடைய நோயாளிகளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

கிழக் காவலர் இலேசில் எழுந்திருப்பவரா? நாற்பது வருட வெப்பத்தில் வெந்து, இரும்போடு இரும்பாய் ஒட்டி, பிளேடுக்கும் அசையாமல், உப்புத்தாளுக்கும் உதிராமல், உடும்புப்பிடியாய்ப் பிடித்துக் கிடந்தார். வேறொருவர் என்றால் அங்கேயே உட்கார்ந்து தலையில் கை வைத்திருப்பார். வைத்தியரோ உள்ளே சென்று தம் மருத்துவப் பெட்டியைக் கொண்டுவந்தார். பல்லிடுக்குக் கறையைச் சுரண்டும் வளைந்த கொக்கிகள் பதினொன்று, வெயிலில் ஒளிவீசி வெளிவந்தன. துளைகளுக்குள் தூசி விழாதிருக்கப் பஞ்சுருளைகளை அடைத்தார். வாய்முகமூடி அணிந்தார். கையுறை மாட்டினார். சுரண்டினார், ஊதினார், சுரண்டினார். "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்க" என்று ஒருமுறை சொன்னதாகவும் கேள்வி. பதினொரு மணிக்கு அந்த இரும்பு முகம் கண்ணாடியாய் மின்னியது. அவர் ஆட்காட்டி விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த திருப்தி, எந்த நோயாளியின் பல்லும் அவருக்குத் தராதது.

ஆனால் கையுறை அணிந்தாரே, அங்கேதான் விதி சிரித்தது. வெறுங்கையால் எதையும் தொடாத தூயவர்; பல்லானாலும் பல்சக்கரமானாலும் கையுறை வேண்டும் அவருக்கு. முன்தினமே வாங்கி வைத்திருந்தவற்றில், எஞ்சினின் தலைக்கான செம்புப் பேக்கிங் சொன்னபடி உட்கார்ந்தது. பிறகு பக்க மூடிக்கான காகிதப் பேக்கிங்கை எடுத்து, பசையை மெழுகாய்ப் பூசி, இடம் பார்த்துப் பதித்து, கையை எடுத்தார். கை வந்தது. கையுறையோடு ஒட்டிக்கொண்டு பேக்கிங்கும் வந்தது. உதறினார், விடவில்லை. மறுகையால் பிடித்து இழுத்தார், மறுகையும் மாட்டிக்கொண்டது. இரு கைகளும் ஒன்றோடொன்று மல்லாடிக்கொண்டிருக்க, சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பேக்கிங் இரண்டாய்க் கிழிந்து, ஆளுக்குப் பாதியாய், இரு கையுறைகளிலும் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் அடைப்பு. வைத்தியர் படியில் உட்கார்ந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பஸ் அவர் கண்முன் ஒருமுறை ஓடிற்று. அவள் வந்து எட்டிப் பார்த்தாள், இரு கையிலும் தொங்கியதைப் பார்த்தாள், ஒரு டம்ளர் மோரை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நேரத்துக்கு அதுவே பெரிய இரக்கம்.

மோர் உள்ளே போனதும் மூளை வேலை செய்தது. தடித்த அட்டை வேண்டும். எங்கே இருக்கிறது தடித்த அட்டை? வீட்டு முன்னறையே அவருடைய சிகிச்சை அறை. அதன் சுவரில், பல் துலக்கும் முறையைக் குழந்தைகளுக்கு விளக்கும், அட்டையில் அச்சான பெரிய படம் ஒன்று, ஒரு கடைவாய்ப்பல் கையில் பிரஷ்ஷோடு பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம், பன்னிரண்டு வருடமாய்த் தொங்கியது. பல்லுக்கே பல் இருப்பது எப்படி என்று கேட்காத குழந்தையில்லை. வைத்தியர் அதைக் கழற்றி வந்து, மூடியின் மேல் விரித்து, சிறு சுத்தியலின் முனையால் விளிம்பெங்கும் மெல்லத் தட்டித் தட்டி அச்செடுத்தார். பிறகு அறுவைக் கத்தியை எடுத்தார். ஈறைப் பிளக்கும் அந்த நுண்கத்தி, அட்டையில் வளைந்தும் நெளிந்தும், துளைக்குத் துளை வட்டமிட்டும் சென்ற அழகைப் பார்க்க அந்தத் தெருவில் யாருமில்லாமல் போனதுதான் இந்த வரலாற்றின் பெருங்குறை. இம்முறை வெறுங்கை. புதிய காவலர் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தார். சிரிக்கும் பல்லின் முக்கால் முகம் எஞ்சினுக்குள் போய்விட்டது.

எஞ்சியது முறுக்குதல். அவசரக்காரன் ஒரு பக்கமாக முறுக்குவான், மூடி மறுபக்கம் வாயைப் பிளக்கும். வைத்தியர் எதிரெதிர் மூலைகளாய், இங்கே அரைத் திருகு, அங்கே அரைத் திருகு என்று, புதுப்பல் கட்டுகிற பக்குவத்தில் முறுக்கினார். கடைசித் திருகாணியில், 'இன்னும் கால் சுற்று' என்று ஆசை காதைக் கடித்தது. அந்தக் கால் சுற்றில் திருகாணியே முறிந்த வீடுகள் எத்தனையோ! கையை எடுத்தார் அவர். புலன்களை வென்றவர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். புதிய எண்ணெயை அளந்து ஊற்றினார், மூன்று உதை உதைத்தார், நான்காவதில் வண்டி முழங்கிற்று. அரைமணி ஓடவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து, முன்னால் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று தாளில் ஒரு துளி! தொட்டுப் பார்த்தார். அவருடைய நெற்றி வேர்வைதான்.

மாலை ஐந்து மணிக்கு, குளித்து இஸ்திரி போட்ட சட்டையில் வீரர் அமர, நல்ல சேலையில் பின்னால் அவள் அமர, இடக்கை தோளில் விழ, வண்டி புறப்பட்டது. இரண்டாவது தெருவிலேயே அவள் பேச்சைத் தொடங்கினாள். நூலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்களாம், அவளுக்கு இஷ்டமில்லையாம், யாரிடமும் சொல்லவில்லையாம். "என்னன்னு கேக்க மாட்டீங்களா?" என்று காதில் கத்தினாள். கேட்டார், சுற்றுவழியில் போனார், முடிந்தவரை மெதுவாகப் போனார்.

பளிங்கு முன்றிலின் நட்டநடுவே, வேண்டுமென்றே, வண்டியை நிறுத்தினார். உள்ளே டீ வந்தது, பலகாரம் வந்தது. வீரரோ நான்கு தடவை எழுந்து வெளியே போய்க் குனிந்து பார்த்து வந்தார். அக்கா, தங்கையின் காதில், தம்பிக்கு வயிறு சரியில்லையா என்று கேட்டாள். நான்கு தடவையும் பளிங்கு பாலாய்க் கிடந்தது. ஆனால் ஐயோ, விழாத சொட்டை யார் வந்து பார்ப்பார்கள்? விழுந்திருந்தால் ஊரே கூடியிருக்கும். சகலை தம் முழங்கால் வலியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். தரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

விடைபெறும் வேளை வந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அப்போதுதான் சகலையின் பார்வை, பழக்கதோஷத்தால், எஞ்சினுக்கு அடியில் சென்றது. நின்றது. புருவம் உயர்ந்தது. இதோ, இதோ என்று வீரரின் மார்பு விரிந்தது.

"என்ன சகலை, சொட்டே காணோம்? எண்ணெய் ஊத்த மறந்துட்டீங்களா?"

கேட்டீர்களா உலகத்தீரே! ஒன்பது மணி நேரப் போரை, பதினொரு கொக்கிகளின் உழைப்பை, சிரிக்கும் பல்லின் உயிர்த்தியாகத்தை, ஒரே கேள்வியில் துடைத்தெறிந்த அந்த வாயை வைத்தியர் ஒருகணம் குறட்டுப் பார்வை பார்த்தார். பிறகு, பேச்சுக்குப் பேச்சு வீரருக்கு அழகல்ல என்று தேறி, வண்டியின் அருகே வீறுநடை நடந்து, எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகி, அதனோடு இணைந்திருக்கும் அளவுக் கம்பியை உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் ஒரே வீச்சில் உருவி, வாசல் விளக்கொளியில் அது பொன்னாய் ஒளிரும்படி, சகலையும் அக்காளும் தெருவும் திசைகளும் காணும்படி, தலைக்கு மேலே உயர்த்தி, "பாத்துக்குங்க சகலை, முழு அளவு இருக்கு!" என்று அவர் முழங்கிய அந்தப் பொன்னான நொடியில், உருவிய வீச்சில் கம்பியின் நுனியை விட்டுத் தெறித்த ஒரு சொட்டு எண்ணெய், புத்தம் புதிதாய், வட்டமாய், வெள்ளைப் பளிங்கின் நடுவே போய் விழ, சகலையின் முப்பத்திரண்டு பற்களும் மெல்ல மெல்ல வெளிப்பட, தெருமுனையில் பஸ் ஒன்று வந்து நின்று ஹாரன் அடிக்க, உயர்த்திய கம்பியோடு சிலையாய்ச் சமைந்த வீரர் தம் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.