சோடாக்கடை மியூசியமும் மாலை விழுந்த மாடசாமியும்

சங்கரன்கோவிலில் உயிரோடு இருக்கிற மனிதனுக்குச் சாவு வீடு நடத்திக் காட்டிய ஒரே ஆள் சோடாக்கடை அண்ணாச்சிதான்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தெருமுனையில் அவர் கடை. முன்னால் கோலி சோடா, பின்னறையில் மியூசியம். சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் யார் கிணறு தோண்டினாலும் சைக்கிளில் போய் நின்றுவிடுவார். ஓட்டாஞ்சில்லு, துருப்பிடித்த கத்தி என்று கிடைத்ததை வாங்கி வருவார். கொடுத்தவருக்கு ஒரு பன்னீர் சோடா உண்டு.

அவருடைய பெருமையெல்லாம் திருவேங்கடத்து மாடசாமி காட்டில் கிடைத்த முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த பானை. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். வைக்கோல் மெத்தை போட்டு, புதுப்பெண்ணை அழைத்து வருவதுபோல் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்.

கொடுத்தவரைக் கௌரவிக்க வேண்டாமா? மாடசாமியின் போட்டோவைப் பெரிதாக்கித் தாழிக்கு மேலே மாட்டினார். சும்மா விட்டிருக்கலாம். சாமந்தி மாலையும் போட்டார்.

சந்தைக்கு வந்த மாடசாமியின் அத்தைமார் தாழி பார்க்க நுழைந்தார்கள். மாலையைப் பார்த்தார்கள். கீழே பானையைப் பார்த்தார்கள்.

"எம் ராசாவ இந்தப் பானைக்குள்ளயா வச்சிட்டாவ?"

ஒப்பாரி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. சேதி எட்டி, மாடசாமியே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏன்வே, நான் எப்பம் செத்தேன்?"

"மரியாதைக்குத்தாம்வே மாலை போட்டேன்."

"மரியாதைய கழுத்துல போடும்வே. தாழிய எடும். மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போறேன்."

அண்ணாச்சி ஆடிப்போனார். தாழி போனால் மியூசியத்தில் மிச்சம் ஓட்டுத் துண்டுகள்தான். மாலையைக் கழற்றி மாடசாமி கழுத்தில் போட்டார். போட்டோவுக்குக் கீழே சாக்பீஸால் எழுதினார்: 'உயிரோடு இருக்கிறார்.'

ஒப்பாரிக்குக் கூடிய கூட்டம் கலையவில்லை. "இது எங்கன கிடைச்சுது?" என்று ஒருவர் கேட்டார். மாடசாமி மாலையோடு சொல்லத் தொடங்கினார். கடப்பாரை 'ணங்' என்று பட்ட இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசி பஸ்ஸுக்குத்தான் நிறுத்தினார். தாழியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

அதன்பின் சந்தை தவறாமல் வந்து அதையே சொன்னார். தாழியைக் கண்டால் பேய் என்று உடைத்துப் போட்டவர்கள், மெதுவாகத் தோண்டி அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள்.

சில வருஷம் கழித்து அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போனேன். தாழிக்கு மேலே மாடசாமி போட்டோவுக்குப் பக்கத்தில் இப்போது அண்ணாச்சி போட்டோ, மாலையோடு. கீழே சாக்பீஸில் அதே வரி.

"நாந்தான் எழுதுனேன்" என்றார் மாடசாமி.

தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.