தங்கப் பொட்டு வைத்த எருக்கம்பட்டு

பட்டு நெய்கிறவனுக்குப் பட்டுப்புழுவைத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ராசிபுரத்தில் தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டி வளர்க்கப்பட்ட நான், இருபது வயது வரை அந்தப் புழுவைப் பார்த்ததில்லை. எங்களுக்கு மைசூரிலிருந்து நூலாகத்தான் வரும்.

உலகச் சண்டைக் காலத்தில் அதுவும் நின்றது. பட்டெல்லாம் பாராசூட் தைக்கப் போகிறது என்றார்கள். தறி சும்மா கிடந்த அந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா சேலத்தில் நூல் வியாபாரி. தறி ஓடாத வீட்டில் பெண்ணைக் கொடுப்பதா என்று தயங்கியவர், எதற்கும் ஒருமுறை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பெண்ணைக் கோயிலில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கவலையோடு வெண்ணந்தூர் ரோட்டில் நடந்தபோது எருக்கஞ்செடிகளைக் கண்டேன். (மழை பொய்த்தாலும் பூக்கும், ஆடுகூட வாய் வைக்காது.) இலையெல்லாம் வரிவரியாகப் புழுக்கள். இலைக்கடியில் பச்சைக் கூடுகள், அவற்றில் தங்கப் பொட்டுகள். ஜரிகையோடு பிறக்கும் பட்டு என்று முடிவு கட்டிவிட்டேன். கிளையோடு ஒடித்துவந்து கூடையில் வைத்து, துணியால் மூடிவைத்தேன்.

சில நாளில் பெண்ணின் அப்பா, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினார். இனி மைசூரை நம்ப வேண்டியதில்லை என்று பிரசங்கம் செய்துவிட்டுத் துணியை விலக்கினேன். ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் கிளம்பின; பாதி சன்னல் வழியே பறந்து போயின. ஒன்று அவர் தலைப்பாகையில் உட்கார்ந்தது. இன்னொன்று அவருடைய வெள்ளை வேட்டியில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு வைத்தது. என் அப்பா கூரையைப் பார்த்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா ஒரு காலிக் கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டாம்பூச்சின்னு பேர்லயே பட்டு இருக்குதுங்களே மாப்பிள்ளை. புழுவ நானும் பாத்ததில்லைங்க."

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. வேலையில்லை என்று உட்காராமல் எருக்கங்காட்டில் அலைந்தவன் பெண்ணைப் பட்டினி போடமாட்டான் என்று அப்பாவிடம் சொன்னாராம்.

அந்தப் பூச்சி எருக்கைத் தேடிப்போய் முட்டையிடும் என்பதும், எருக்கம்பாலின் விஷம் உடம்பில் ஏறுவதால் குருவிகள் அதைத் தொடாது என்பதும் பிறகு தெரிந்தது. அந்த எருக்கு என்னையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறது.

நூல் வந்து, தறி ஓடி, எத்தனையோ சேலை நெய்தாகிவிட்டது. இன்றும் புதுச்சேலை கொடுத்தால் என் மனைவி மடிப்பைப் பிரிக்குமுன் கேட்பாள்:

"கட்டிக்கலாமுங்களா, இல்ல சன்னலைச் சாத்தோணுங்களா?"