லேசான ஷெல்லும் ராயகிரி பஸ்ஸும்

வானமே இடிந்து விழுந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் போவதில்லை என்று பேச்சிராஜா முடிவெடுத்துவிட்டான். மச்சினன் மூக்காண்டி அங்கே கம்ப்யூட்டர் சென்டர் திறக்கிறானாம். நேற்றுவரை ஆட்டுக்குக் குழை ஒடித்தவன்! சங்கரன்கோவிலில் ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேபையே கட்டி மேய்க்கும் பேச்சிராஜா, அதைப் போய்க் கைதட்டிப் பார்க்க வேண்டுமாம். காலேஜுக்கு ஒரு வாரம் லீவு. அந்த வாரம் முழுக்கக் கட்டிலில் கிடப்பதாக அவன் திட்டம்.

வர மாட்டேன் என்று நேராகச் சொல்லத் தைரியம் இருந்தால் அவன் ஏன் இந்தப் பாடு படுகிறான்? மனைவி சங்கரேஸ்வரி பட்டுச்சேலை கட்டி வருவதற்குள், லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் சட்டை போடலையா? பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸா? ஏட்டி, இங்கன எவ்வளவு பெரிய வேலை நடக்கு தெரியுமா? ஷெல்லு ஏறுது, ஷெல்லு!"

"அது என்னது?"

"நாம தட்டுத கட்டளைய வாங்கி கம்ப்யூட்டருக்குச் சொல்லுத ஆளு. பழைய ஆளு கனம். மெசினு மூச்சு வாங்குது. அதான் டேஷ்னு ஒரு லேசான ஆளை ஏத்துதேன்."

"யாரு ஏத்துதா?"

"பேக்கேஜ் மேனேஜர். பேரைச் சொன்னாப் போதும், அவனே எடுத்துட்டு வந்து ஏத்துவான். வேண்டாம்னா அவனே எறக்குவான்."

"அப்போ அவனே ஏத்தட்டும். நீங்க வாங்க."

"ஆளு பக்கத்துல இல்லன்னா மெசினே படுத்துரும். ஒரு மெசினுக்கு ஒரு முழு நாளு வேணும்ட்டி!"

"லேசான ஆளுக்கே ஒரு நாளா?"

"லேசா இருக்கதுதான் கஷ்டம்."

இதைச் சொல்லும்போது முகத்தில் மேதையின் களை வேறு. உண்மையில் அங்கே ஒன்றும் ஏறவில்லை. 'ஏற்றட்டுமா? சரியென்றால் ஒய் எழுத்தை அமுக்கு' என்று கேட்டுவிட்டு மேனேஜர் சும்மா காத்துக்கிடந்தான். அமுக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் மகராசன் அமுக்கவில்லை.

சங்கரேஸ்வரி அடுக்களைக்குப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான் மடையன். ஜெயித்த வாய் டீ கேட்டது. ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் படுத்துவிடும் மெசினை அப்படியே போட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனான். டீயும் வடையுமாகக் கடைக்காரரிடம் மூக்காண்டியைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்தான்.

மூடி வைத்த லேப்டாப்பின் முன்னால் சங்கரேஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"எம்புட்டு ஏறியிருக்கும்?"

"பாதி," என்றான், திறந்துகூடப் பார்க்காமலே. "சாயங்காலம் முடிஞ்சிரும்."

"ஒய்யை அமுக்கினேன். அப்பவே முடிஞ்சிட்டே."

பேச்சிராஜா தலையில் அடித்துக்கொண்டான். "கெடுத்தியே! அது தப்பா ஏறியிருக்கும். எறக்கிட்டு மறுபடி ஏத்தணும். பொழுது போயிரும்."

"எறக்கிட்டு மறுபடி ஏத்திட்டேன். ரெண்டு தடவை. சும்மாதான இருந்தேன்."

"பாஸ்வேர்டு கேட்டிருக்குமே!"

"உங்க பேரைத்தான் போட்டேன். வேற யாரை நினைக்கப் போறிய?"

"யாருட்டி உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"சோறு திங்கையில எல்லாம் நீங்கதான பாடம் நடத்துதிய. சட்டையப் போடுங்க."

ராயகிரியில் கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மூக்காண்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பழைய கம்ப்யூட்டர்கள் முக்கி முனகிக்கொண்டிருந்தன.

"அத்தான், எல்லாம் ஆமையா நகருது. அந்த லேசான ஆளை நீங்க ஏத்திக் குடுப்பியன்னு அக்கா போன்ல சொன்னா."

விட்டால் போதும் என்று பேச்சிராஜா பாய்ந்தான். "அதுக்கென்ன மாப்ள, கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள..."

"சும்மா சொல்லுதாவ," என்றாள் சங்கரேஸ்வரி. "ஒரு மெசினுக்கு ஒரு முழு நாளு வேணும்னு காலையிலதான் எங்கிட்ட சொன்னாவ. ஆளு பக்கத்துலயே இருக்கணுமாம். பொய்யா சொல்லியிருப்பாவ? கேளு."

ஊரே அவன் வாயைப் பார்த்தது.

"ஆமா. ஒரு நாளு ஆகும்."

"நாலு மெசினு இருக்கு அத்தான்," என்றான் மூக்காண்டி. "உள்ரூம்ல பாய் விரிச்சாச்சு."