ஒரிஜினல் பார்த்தவர்

சினிமா பார்க்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் ஆசையாக டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பினால், வாசலிலேயே நின்று உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "இதைப் போயா பார்க்கறீங்க? நான் ஒரிஜினலையே பார்த்தவன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்களுக்குப் படம் எங்கே ருசிக்கும்?

திருக்காட்டுப்பள்ளி மருதையன் இந்த ரகத்தில் முதல் தரம். ஆற்றுப் பாசனத்தில் நிலமுண்டு, ஊர்க்கூட்டத்தில் நாற்காலியுண்டு. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதெல்லாம் இல்லை. வாலிபத்தில் தஞ்சாவூருக்குப் போய் ஒரு பழைய இங்கிலீஷ் கௌபாய் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்; ஊரில் வேறு யாருமே அதைப் பார்த்ததில்லை. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

இப்போது அந்தப் படத்தைப் புதிதாக எடுத்து, தமிழில் பேசவைத்து, உள்ளூர்த் தியேட்டருக்கும் அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைகள் ஒளிப்பதிவைப் புகழ்ந்தன; யூடியூப் பையன்கள் இரண்டாம் பாதி இழுவை என்றார்கள்; சென்னை விமர்சகர் ஒருவர் 'காலத்துக்கேற்ற மறுவாசிப்பு' என்று நீட்டி முழக்கி, படம் பிடித்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லாமல் முடித்தார். ஊருக்கு அதெல்லாம் எதற்கு? ஐயாவு டீக்கடை பெஞ்சில் மருதையன் இருக்கிறாரே.

"குதிரையா அது? ஒரிஜினல்ல குதிரையே நடிச்சிருக்கும். புழுதி கூட கம்ப்யூட்டர் புழுதி. சரி போவட்டும், கடைசியில ஹீரோவைச் சாவடிச்சிட்டானுங்களே, அதை என்னன்னு சொல்றது? ஒரிஜினல்ல அவரு துப்பாக்கியைக் கெணத்துல போட்டுட்டு, அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, நாலு ஏக்கர் நடவு நடுவாருங்க."

கள்ளியும் முளைக்கத் திணறும் அந்தக் கௌபாய் பொட்டல் பூமியில் நடவுக்குத் தண்ணீர் ஏது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம் அது. மருதையன் படம் பார்க்கப் போன அன்று சாயங்காலம் அவர் வயலுக்கு முறை. உரிய நேரத்தில் மடை திறக்காவிட்டால் பயிர் காயும், அப்பா தோலை உரிப்பார். படத்தில் வில்லன் துப்பாக்கியை எடுத்த நேரத்தில் இவர் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மறுநாள் நண்பர்கள் முடிவு கேட்டார்கள். தெரியாது என்று சொல்வது கௌரவமா? மடையில் நின்றபடி யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். சொல்லிச் சொல்லி, பிறகு அவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

அவர் தீர்ப்பைக் கேட்டுத் தியேட்டர் ஈயடித்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் ஷஹ்பாஸ். கூட்டம் வராவிட்டால் இடத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவதாக உரிமையாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஷஹ்பாஸ் நேராக டீக்கடைக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழமை காலையில பழைய படத்தையே சும்மா போட்டுக் காட்டறேன். ஜனங்க ரெண்டையும் பார்த்துட்டுச் சொல்லட்டும். நீங்கதான் தலைமை."

மருதையன் ஞாயிற்றுக்கிழமை வயலில் வேலை இருக்கிறதென்று சொல்லப் பார்த்தார். ஆனாலும் தலைமை என்றுவிட்டார்களே, எப்படி மறுப்பது?

ஞாயிற்றுக்கிழமை சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். பஸ் பிடிக்கும் அவசரமில்லை, மடையில்லை, முதல் முறையாக முழுப் படத்தையும் பார்த்தார். வில்லன் சுட்டான். ஹீரோ புழுதியில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. மருதையனுக்குச் சொந்தக்காரன் செத்ததுபோல நிஜமாகவே துக்கமாக இருந்தது. இத்தனை வருஷமும் அந்த ஆளைப் பெண்டாட்டியோடு வாழவைத்தது அவர்தானே.

விளக்கு எரிந்தது. மொத்தத் தியேட்டரும் அவரைப் பார்த்தது.

"என்னண்ணே, இதுலயும் செத்துட்டாரு?" என்றார் ஐயாவு. "நடவு எங்க?"

மருதையன் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உண்மையைச் சொல்ல வாய் திறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வந்த சொல் வேறு.

"ஒரிஜினலையும் கெடுத்துட்டானுங்கப்பா."

தியேட்டர் சிரித்துத் தீர்த்தது. அந்தச் சிரிப்போடு அன்று மாலைக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து புதுப் படத்தைப் பார்த்தார்கள். ஷஹ்பாஸ் மூச்சு விட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'அந்தக் காலத்தில் ஒருத்தர் இதே மாதிரி எழுதியிருந்தாரே, அவர் கால்தூசுக்கு வருமா இது' என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்ததா? அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் எழுதியதைக் கடைசி வரை படித்தீர்களா?